கோபால்ட் என்று நான் வைத்த பெயர்

கண்ணா,

இதை நீ படிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூடியிருக்க வேண்டும். எனக்கு இப்போது பதினேழு நடக்கிறது, பதினொன்றாம் வகுப்பு. நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்பதும் தெரியாது. அம்மாவுக்கு என்மேல் பிரியம் பொங்கும்போது என்னை ‘கண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். யாராக வந்தாலும் பொருந்தும் என்பதால் உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன்.

பிறக்காத பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். உயிரோடு இருக்கிற பெரியவர்கள் யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரியவர்கள் தாங்கள் செய்த தப்பைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அது நன்றாக ஆறிப்போய், கொஞ்சம் சிரிப்பும் சேர்ந்து, கேட்க நன்றாக இருக்கிற கதையாகிவிடுகிறது. அப்பா சின்ன வயதில் தூத்துக்குடியில் யாருடைய சைக்கிளையோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் உப்பளத்து வாய்க்காலில் விட்ட கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அந்தக் கதையில் அவர் பயந்ததாக வராது. சைக்கிள்காரர் என்ன ஆனார் என்றும் வராது. நானும் உனக்கு அம்மாவான பிறகு சொன்னால் அப்படித்தான் சொல்வேன். அதனால், இது ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். நாளைக் காலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஷம்பா என்ற பெண்ணின் மாமாவை வரச்சொல்லி, அவள் கையில் டி.சி. கொடுத்து அனுப்பப் போகிறார்கள். பள்ளிக்கூடத்து சரஸ்வதி சிலையின் வெள்ளி வீணையை அவள் திருடிவிட்டாளாம். அவள் திருடவில்லை. அது எனக்குத் தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு கஸ்டம்ஸில் வேலை. மாற்றலாகி வங்காளத்துக்கு, துறைமுகத்துப் பக்கம் இருக்கிற கிடர்பூர் குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. எனக்கு அப்போது வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. டிபன் டப்பாவைத் திறந்த முதல் நாளே வகுப்பில் எனக்கு ‘இட்லி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் எழுத ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. கல்யாணமாகி அலுவலகம் போகிற அக்காக்களைக்கூட தெருவில் புச்கி, தும்பா என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பெயர் வைப்பது பிரியத்தில் சேர்ந்தது. நான்தான் கொஞ்ச நாள் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். பிறகு வங்காளத்திலேயே சண்டை போடக் கற்றுக்கொண்டேன். இட்லி மட்டும் போகவில்லை. கெமிஸ்ட்ரியில் முதல் மதிப்பெண் வாங்கினால் ‘இட்லி ஃபர்ஸ்ட்’ என்றார்கள், அவ்வளவுதான்.

ஷம்பா பதினொன்றாம் வகுப்புக்குத்தான் எங்கள் பள்ளிக்கு வந்தாள். சுந்தர்பன் காடுகள் பக்கம், ஆறு தாண்டிப் போகிற ஊர். இங்கே மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். யாரோடும் அதிகம் பேசமாட்டாள். லேபில் மட்டும் அவள் முகமே வேறாக இருக்கும். ஒரு நாள் கெமிஸ்ட்ரி மிஸ் நீலநிறக் காகிதத் துண்டு ஒன்றை எல்லோருக்கும் காட்டி, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். காகிதம் ரோஸ் நிறமானது. கோபால்ட் குளோரைடு காகிதம், தண்ணீர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவுவது. எதனால் நிறம் மாறியது என்று மிஸ் கேட்டபோது நான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஷம்பா சொல்லிவிட்டாள். மிஸ் சந்தோஷத்தில் அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னார். ஜெர்மனியில் அந்தக் காலத்தில் மலையைக் குடைந்து வெள்ளி எடுத்தவர்களுக்கு ஒரு தாது அகப்பட்டதாம். பார்க்க வெள்ளித் தாது போலவே இருந்ததாம். உலையில் போட்டால் வெள்ளி வரவில்லை. விஷப்புகைதான் வந்தது, ஆட்கள் நோயில் விழுந்தார்கள். சுரங்கத்துக்குள் ‘கோபோல்ட்’ என்ற குட்டிச்சாத்தான் இருப்பதாக அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதுதான் நல்ல வெள்ளியைத் திருடிக்கொண்டு, அந்த இடத்தில் இந்தக் கெட்ட கல்லை வைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கல்லுக்கும் அந்தப் பெயரே வந்துவிட்டது. மிஸ் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெல் அடித்துவிட்டது.

அந்த வாரம்தான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கெமிஸ்ட்ரியில் ஷம்பா முதல், நான் இரண்டாவது. டிபன் நேரத்தில், ஷம்பா வெளியே போயிருந்தபோது, மௌ என் தோளில் இடித்து, “என்ன இட்லி, ஆறிப்போச்சா?” என்றாள். மௌதான் எங்கள் வகுப்புத் தலைவி, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. எல்லோரும் சிரித்தார்கள். (நாங்கள் பேசுவது வங்காளத்தில். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) நான் சொன்னேன், “மிஸ் சொன்ன கதையைக் கேட்டீங்கல்ல? எங்கேயோ இருந்து வந்து என் வெள்ளியைத் திருடிட்டு, எனக்குக் கல்லை வெச்சிட்டுப் போயிட்டா. அவதான்டி கோபால்ட்.” அப்படி ஒரு சிரிப்பு. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போதுதான் கவனித்தேன், மதியத்துக்குப் பிறகு யாரும் என்னை இட்லி என்று கூப்பிடவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் உன்னிடம் மறைக்கப்போவதில்லை. என்மேல் இருந்த பெயரை இறக்கி இன்னொருத்தி தலையில் வைத்த சந்தோஷம் அது.

ஒரு வாரத்தில் பெயர் பரவிவிட்டது. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடப் பின்னால் இருந்து யாராவது முணுமுணுப்பார்கள். நான் எங்கேயும் முன்னால் நிற்கவில்லை. எல்லோரும் கூப்பிடும்போது நானும் கூப்பிட்டேன், அவ்வளவுதான். ஒரு நாள் ஷம்பா வகுப்பில் எழுந்து, “மிஸ், கல்மேல தப்பு இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சுதா?” என்று கேட்டாள். மிஸ்ஸுக்கு இந்தப் பெயர் விளையாட்டு எதுவும் தெரியாது. “தெரிஞ்சுதே! தாதுல ஆர்செனிக் கலந்திருந்தது, விஷப்புகை அதனாலதான். பின்னால சுவீடன்ல ஒருத்தர் இது தனி உலோகம்னு பிரிச்சுக் காட்டினார்.” “அப்போ பேரை மாத்தினாங்களா?” “இல்லையேம்மா. எல்லாரும் கூப்பிட்டுப் பழகிட்டாங்க.” பின் பெஞ்சில் சிரிப்பு வந்தது. ஷம்பா உட்கார்ந்துவிட்டாள். இன்றைக்கும் புத்தகத்தில் கோபால்ட் என்ற வார்த்தையைப் பார்த்தால் எனக்கு அவள் உட்கார்ந்த விதம்தான் ஞாபகம் வருகிறது.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது. நம் வீட்டில் அது நவராத்திரியில் வரும். புத்தகங்களை அடுக்கி, படத்துக்குப் பொட்டு வைத்து, மறுநாள் மறுபூஜை முடிந்ததும் ஒரு பக்கமாவது படித்துவிட்டு எடுக்க வேண்டும். படம் பழையபடி அலமாரிக்குப் போய்விடும். இங்கே குளிர் முடியும்போது வருகிறது. பள்ளிக்கூடத்துப் பூஜையைப் பதினொன்றாம் வகுப்புப் பெண்கள்தான் நடத்த வேண்டும் என்பது வழக்கம். களிமண் சிலை, மஞ்சள் புடவை, கிச்சடி, இலந்தைப் பழம். மறுநாள் சிலையைக் கங்கைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு முன்னால் கிரீடம், முத்துமாலை எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் பழைய மாணவி ஒருவர் கொடுத்த சின்ன வெள்ளி வீணை ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் புதுச் சிலையின் கையில் அதைக் கட்டுவார்கள், பிறகு கழற்றி ஆபீஸ் அலமாரியில் வைப்பார்கள். கழற்றுகிற வேலையை மௌ எனக்குக் கொடுத்தாள். நகைப்பெட்டியை ஷம்பா பிடித்துக்கொண்டாள்.

சாமி கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிற வேலையை நம் வீட்டில் யாரும் செய்ததில்லை, கண்ணா. ஸ்டூலில் ஏறி நின்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிரீடத்தை எடுத்துக் கொடுத்தேன், முத்துமாலையையும் கொடுத்தேன். வீணையைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஷம்பா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு பூக்கூடையை எடுக்கப் போனாள். அந்த நேரத்தில் நான் இழுத்தேன். வீணை வரவில்லை, விரல் வந்துவிட்டது. சரஸ்வதியின் விரல் என் உள்ளங்கையில் கிடந்தது, உள்ளே வைக்கோல் தெரிந்தது. கீழே மேளம். “ஏய், முடிஞ்சுதா இல்லையா? வண்டிக்காரர் கத்துறார்!” என்று மௌ வாசலிலிருந்து கூப்பிட்டாள். நான் சிலையின் கழுத்தில் கிடந்த செவ்வந்தி மாலையை இழுத்துவிட்டு, வீணையோடு சேர்த்துச் சிலையின் கையை மறைத்தேன். படித்துறையில் எப்படியாவது கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஷம்பா திரும்பி வந்து, “வீணை?” என்றாள். “உள்ளே வெச்சுட்டேன்” என்றேன். அவள் திறந்து பார்க்கவில்லை, மூடிப் பூட்டி எடுத்துக்கொண்டு போனாள். கங்கைக்கரையில் ஆட்கள் சிலையைத் தூக்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டார்கள். எங்களைப் படியில் இறங்க விடவில்லை. மாலையோடு, கையோடு, வீணையோடு அம்மன் முகம் மேலே பார்த்தபடி போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அலமாரியில் வைக்கப் பெட்டியைத் திறந்தபோது வீணை இல்லை. பெட்டியைத் தனியாக ஆபீஸுக்குக் கொண்டுபோனவள் ஷம்பா. அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய வேலையை அந்தப் பெயர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தது. “கோபால்ட் வெள்ளியை எடுத்துட்டா” என்ற வாக்கியம் வகுப்பு முழுக்கத் தயாராகக் கிடந்தது. நான் தயாரித்துக் கொடுத்தது. பிரின்சிபல் கூப்பிட்டு விசாரித்தபோது ஷம்பா, “இவ உள்ளே வெச்சதாச் சொன்னா” என்று என்னைக் காட்டினாள். பிரின்சிபல் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார். “வெச்சேன் மேடம்” என்றேன். இரண்டாவது தடவை பொய் சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா, “ஒங்க ஸ்கூல்ல ஏதோ திருட்டாம்லா?” என்று கேட்டார். அம்மா, “வெள்ளி வீணையாம். சாமி சாமான்ல கை வச்சா வெளங்குமா?” என்றாள். அப்பா சிரித்தார். “எடுத்தவ மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிருமே. ஹார்பர் டாக்ல நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். கண்ணே காட்டிக் குடுத்துரும்.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம், “ரசத்த இங்கிட்டுத் தள்ளுட்டி” என்றார். எனக்கு அவர் கண்டுபிடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. சோற்றைப் பிசைந்துகொண்டே காத்திருந்தேன். அவர் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்த இடத்தில் உன்னிடம் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோள் சொல்வதாக நினைக்காதே. ஒரு தடவை அம்மாவின் கம்மல் காணாமல் போனது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற, அம்மாவை ‘பௌதி’ (அண்ணி) என்று கூப்பிடுகிற மாஷியிடம் அம்மா நேராக எதுவும் கேட்கவில்லை. “நீ பெட்ரூம் பெருக்கினப்போ கதவு ஏன் சாத்தியிருந்திச்சு?” என்று மட்டும் கேட்டாள். மாஷி முந்தானையை உதறிக் காட்டினாள். யாரும் காட்டச் சொல்லவில்லை, அவளாகவே காட்டினாள். கம்மல் பிறகு தலையணை உறைக்குள் கிடைத்தது. அம்மாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் மாஷியிடம் ஒன்றும் சொல்லவில்லை, துர்கா பூஜைக்கு வழக்கத்தைவிட நல்ல புடவையாக எடுத்துக் கொடுத்தாள். மாஷி விரித்துப் பார்த்துவிட்டு, “கம்மல் கிடைச்சுதா பௌதி?” என்று கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வாயால் சொல்ல வேண்டியதைப் பொருளாகக் கொடுத்துவிடலாம் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இன்று சாயங்காலம் ஷம்பா வீட்டுக்குப் போனபோது நானும் வெறுங்கையோடு போகவில்லை. அம்மா சுட்டு வைத்திருந்த முறுக்கை டப்பாவோடு எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் மாமா வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. லாரிகள் நிற்கிற இடத்தைத் தாண்டிப் போக வேண்டும். வாசலில் ஒரு சின்னப் பெண் விளையாடிக்கொண்டிருந்தாள், ஷம்பாவின் மாமா பெண். என் யூனிஃபார்மைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “கோபால்ட் தீதி, உன் ஸ்கூல்ல இருந்து ஆள் வந்திருக்கு!” என்று சந்தோஷமாகக் கத்தினாள். யாரிடம் கேட்டதோ, ‘கோபால்ட் அக்கா’ என்பது அந்தக் குழந்தைக்கு ஏதோ செல்லப் பெயர். எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. ஷம்பா வந்து முறுக்கு டப்பாவைப் பார்த்தாள். “எதுக்கு இது?” என்றாள். நான் நீட்டினேன், அவள் வாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், விரல், மாலை, கங்கை எல்லாம். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “கங்கைலயா இருக்கு?” என்றாள். “நான் ஒவ்வொரு ராத்திரியும் யோசிச்சேன், பெட்டியை எங்கேயாவது கீழே வெச்சேனா, பூட்டினேனா இல்லையான்னு. எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு தெரியுமா?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாளைக்கு நானே பிரின்சிபலிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். கிளம்பத் திரும்பியபோது, “அந்தப் பேரை யார் வெச்சது?” என்று கேட்டாள். நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. “நான் மௌன்னு நெனச்சேன்” என்றாள் மெதுவாக. “அவ பூஜை அன்னிக்கு எனக்கு மஞ்சள் புடவை கொண்டுவந்து கொடுத்தா. வாங்க மாட்டேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்.” படியிலிருந்து எழுந்து, “வீணையைப் பத்தி நீ சொன்னா உன்னைத் திட்டுவாங்க. அப்புறம் பாவம், பயந்துட்டாம்பாங்க. விரல் தானா உடைஞ்சது, நீ வேணும்னு உடைக்கலை. பேரை வேணும்னுதானே வெச்சே? அதைச் சொல்லு. மௌவையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்லு” என்றாள். “அதை யாரும் என்கிட்ட கேக்கலையே” என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. “கேக்க மாட்டாங்க. அதனாலதான் சொல்லச் சொல்றேன்” என்றாள். உள்ளேயிருந்து அவள் மாமி கூப்பிட்டாள், போய்விட்டாள். வீட்டில் அம்மா, “முறுக்க எங்கட்டி தூக்கிட்டுப் போன, யாருக்குச் சீர் செய்யப் போன?” என்று கேட்டாள். டப்பாவை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். “பின்ன எதுக்குட்டி கொண்டு போன?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். வீணைக்காக என்னையும் பள்ளியை விட்டு அனுப்பினாலும் அனுப்பலாம். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். விரலைப் பற்றிச் சொல்ல எனக்கு வார்த்தைகள் வந்துவிட்டன, அழுகையும் அதுவாக வந்துவிடும். பெயரைப் பற்றிய வாக்கியம்தான் எழுதும்போதுகூட வளைந்துகொண்டு போகிறது. ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று எழுதி அடித்தேன். ‘எல்லோரும் கூப்பிட்டார்கள்’ என்று எழுதி அதையும் அடித்தேன். அவள் என்னைவிட நன்றாகப் படித்தாள், அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் அவளைத் திருடி என்று கூப்பிட்டேன். இவ்வளவுதான் வாக்கியம். இதை நான் பிரின்சிபல் முன்னால், ஷம்பாவின் மாமா முன்னால், மௌ முன்னால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அந்தச் சந்தில் அந்தக் குழந்தை அவளை அப்படித்தான் கூப்பிடும் என்று எனக்குத் தெரியும். அதைத் திரும்ப எடுக்க என்னால் முடியாது.

உனக்குப் புத்தி சொல்வதற்காகத்தான் பெற்றவர்கள் கடிதம் எழுதுவார்கள். என்னிடம் இன்றைக்கு உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நாளைக் காலைதான் எனக்கு அந்த உரிமை கிடைக்குமா என்று தெரியும். வீணை எங்கே என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு, மிச்சத்தை விழுங்கிக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பி வந்தால், வந்தவுடன் இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவேன். பாதி சொன்னவள் எழுதியதை உன்னிடம் கொடுக்க மாட்டேன். இது உன் கையில் இருக்கிறதென்றால், நான் சொல்லிவிட்டேன்.